பொருள் நீங்கிய எழுத்து: பணிக்கர் ஓவியங்கள் எழுப்பும் அறவினா

ஒரு மக்கட் கூட்டம் பொருளுடன் வழங்கிவரும் எழுத்தையும் குறியீட்டையும், அப்பொருளை நீக்கி வடிவத்தை மட்டும் எடுத்தாளும் உரிமை கலைஞனுக்கு உண்டா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் அருவ ஓவியத்தில் கூர்மை பெற்றது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக்கூடம் இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க களமாகும்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். 1963ஆம் ஆண்டு முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் கணித வாய்பாடுகளும் சாதகக் கட்டங்களும் மலையாள எழுத்து வரிகளும் விரவி நிற்கின்றன. ஏட்டுச்சுவடி போலத் தோன்றும் அவ்வரிகள் படித்துப் பொருள் கொள்வதற்குரியன அல்ல.

இதனை அமெரிக்க அருவ ஓவியத்தோடு ஒப்பிடுதல் பயன் தரும். அடால்ஃப் காட்லீப் 1941 முதல் கட்டங்களுக்குள் தொன்மைச் சாயல் கொண்ட குறிகளைத் தீட்டினார். அவற்றிற்கு நிலைத்த பொருளை அவர் விரும்பவில்லை. பார்னெட் நியூமன் 1947இல் நியூயார்க்கில் அமைத்த ‘கருத்தெழுத்து ஓவியம்’ என்னும் காட்சியின் முன்னுரையில், குவாகியூட்ல் பழங்குடி ஓவியனைப் புதிய ஓவியர்க்கு முன்னோடியாகக் காட்டினார். அதே காலத்தில் அம்மக்களின் ‘பாட்லாச்’ சடங்கு கனடாவில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1885இல் நடைமுறைக்கு வந்த அத்தடை 1951இல்தான் நீங்கியது. குறியீட்டின் வடிவம் கலைக்கூடத்தில் போற்றப்பட, அதன் பொருளை வாழ்ந்தவர்கள் தண்டனைக்கு அஞ்சி நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. தடையை விதித்தவர் நியூமன் அல்லர். எனினும், வடிவத்தை மதிப்பது அதற்குரியோரை மதிப்பதாகிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

பணிக்கர் எடுத்தது தம் மரபின் எழுத்தை. ஆயின், ‘தமது’ என்பதனாலேயே உரிமை நிறைவுறுமா? சாதகத்தை வாழ்வின் வழிகாட்டியாகக் கொள்வோர் பலர். எழுத்து அம்மொழியினர் அனைவர்க்கும் உரியது. எனவே பிறப்புரிமை மட்டும் விடையாகாது.

சங்க இலக்கிய உள்ளுறை இங்குத் துணைநிற்கும். கருப்பொருள் வழியே மறைபொருளை உணர்த்த, புலவனும் கேட்போனும் ஒரே திணைமரபை அறிந்திருத்தல் வேண்டும். மரபறியாதவனுக்கு அஃது இயற்கை வருணனையாக மட்டுமே நிற்கும். ஆகவே குறியீட்டின் பொருள் தனியொருவர் உடைமையன்று. அறிந்தோர் அனைவரின் பொதுவுடைமையாகும்.

இந்நோக்கில் காணும்போது, மலையாளம் அறியாதவர் பணிக்கரின் ஓவியத்தில் அழகிய கோலத்தைக் காண்பர். அறிந்தவரோ படிக்க முயன்று, இயலாமல் நிற்பர். அவ்விழப்பை முதலில் ஏற்பவர் அவ்வெழுத்தையே கற்று வளர்ந்த ஓவியர். பிறர் குறியீட்டை எடுப்பவருக்கு இவ்விழப்பு நேர்வதில்லை. ஊதியம் மட்டுமே உண்டு. குறியீட்டிலிருந்து பொருளை நீக்கும் உரிமை, அந்நீக்கத்தால் தாமும் இழப்பவர்க்கே முதன்மையாக உரியது. ஏனையோர்க்கு, எடுத்த குறியீட்டிற்குரியோரின் நிலையை அறியும் கடமை முற்படுகின்றது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.