பில் எங்கே என்று கேளுங்கள்

போட்டு ஒரு மழைகூடத் தாங்காமல் பெயர்ந்துகிடக்கும் ரோட்டைப் பார்த்ததும், "எல்லாம் கமிஷன்தான், இந்தக் காலத்தில் எவன் யோக்கியன்?" என்கிறோம். சொன்னவருக்கு விவரம் தெரிந்தவர் என்று பெயர் கிடைக்கிறது. காண்டிராக்டருக்கு அதைவிடப் பெரிய லாபம். அவரிடம் யாரும் பில்லைக் கேட்கவில்லை.

இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். சந்தேகப்படுங்கள், நன்றாகவே சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகம் வந்தவன் விசாரிக்க வேண்டும். எந்தத் திட்டம், எவ்வளவு பணம், எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள், யார் அளந்து கையெழுத்துப் போட்டார்? எல்லாரும் திருடர்கள் என்று முடிவு கட்டியவனுக்கு இதில் ஒரு கேள்விகூட எழாது. உண்மையாகவே திருடுகிறவனுக்கு அவனைவிட நல்ல துணை கிடையாது.

ராஜஸ்தானில் கூலி வேலைக்குப் போனவர்களும் அப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அரசு வேலையில் நாள் முழுக்க மண் சுமந்தாலும் சட்டப்படியான கூலி கைக்கு வராது. நடுவில் யாரோ தின்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்? சென்னையில் பிறந்து, 1975-இல் ஐ.ஏ.எஸ். பதவியை உதறிய அருணா ராயும் அவருடைய தோழர்களும் அந்தத் தொழிலாளர்களோடு சேர்ந்து, 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. இப்படிப்பட்ட விசாரணைகளில் செய்தது ஒன்றுதான்: வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலையும் பில்களையும் ஊர் கூடியிருக்க உரக்கப் படித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்தப் பெயருக்குரியவரே எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்றார். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. அதுவரை பொதுவாக இருந்த புலம்பலுக்குத் தேதியும் தொகையும் கையெழுத்தும் வந்து சேர்ந்தன. இந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அந்தப் போராட்டம் நாடெங்கும் பரவி, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. இன்று 10 ரூபாய் கட்டி நாம் எழுதும் மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டியிருப்பது, அந்த ஏழைகள் விடாமல் கேட்டதால்தான்.

எதையும் நம்பாதவன் ஏமாறமாட்டான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது என்ன நடந்தது? அரசு சொல்வதெல்லாம் பொய் என்றவர்கள், யார் அனுப்பியது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியை அப்படியே நம்பி, பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். அதே ஊசியைப் பற்றிப் பயந்த இன்னொரு தாய் நர்ஸிடமே போய், இது எதற்கு, காய்ச்சல் வருமா, ஏற்கெனவே போட்டிருந்தாலும் போடலாமா என்று கேட்டிருந்தால், அவளைத்தான் நான் கும்பிடுவேன். பதில் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக வந்தவள் அவள்.

வீட்டில் பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எவனும் யோக்கியன் இல்லை என்று தினமும் காதில் விழுந்தால், தான் மட்டும் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைக்காதா?

கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். வரவு செலவை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டிக்கு எழுதிய தொகையைக் குறித்துக்கொண்டு, தொட்டியை நேரில் போய்ப் பாருங்கள். கணக்கு தப்பாக இருந்தால் மனுப் போடுங்கள். சரியாக இருந்தால் அடுத்த சபையில் எழுந்து, அந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.