அடியார் தொழிலும் தேர்ந்த தொழிலும்

பிறருடைய தொழில் வாழ்க்கையை அறிவதால் ஒருவர் தமக்குரிய பணியைக் கண்டடைய இயலுமா என்ற கேள்விக்கு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் ஆழமான விடை தருகிறது. நாயன்மார், அதாவது சிவனடியார், வரலாறு கூறும் அந்நூலில், காஞ்சியில் அடியாரின் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், பிடித்த மீன்களுள் ஒன்றை இறைவனுக்கெனக் கடலிலேயே விட்ட அதிபத்தரும் தொழிலைத் துறக்காமல் அதனையே வழிபாடாக்கினர். எனவே இவ்வரலாறுகளைக் கேட்போர் பெறுவது தொழிலின் பெயரை அன்று, அதைச் செய்யும் மனநிலையையே. ஆயினும், அத்தொழில்களைக் குலமே வகுத்திருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. மாறாக, 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர் கல்லூரியாக வளர்ந்து, ஸ்தபதி எனப்படும் கோயிற்கலைஞர் மரபுக்கு வெளியே பிறந்தோருக்கும் உளியை அளித்தமையால், அதன் முதல்வராக விளங்கியவரும் குமரியில் பீடத்துடன் 133 அடி உயர்ந்த வள்ளுவர் சிலையை உருவாக்கியவருமான வை. கணபதி ஸ்தபதியின் வாழ்க்கை, சிற்பத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் மாணவர்க்கும் உரிய வரலாறாயிற்று.