நடுவில் இருக்கும் கிண்ணம்

உத்திரமேரூர் பக்கத்து கிராமம் ஒன்றில் நண்பருக்குத் தோட்டம் இருக்கிறது. காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய். ‘ட்ரெய்னிங் குடுத்தது சார், பாருங்க!’ என்றார். ‘சிட்’ என்றதும் உட்கார்ந்தது. ‘ஸ்டே’ என்றதும் அசையவில்லை. தோட்டக்காரர் ‘உக்காருடா’ என்றபோது மட்டும் திருதிருவென முழித்தது. இங்கிலீஷ் மீடியம்!

சிரித்து முடிப்பதற்குள் நண்பர் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். நாய் சட்டென்று தரையோடு தரையாக ஒடுங்கிவிட்டது. ‘அடிச்சுதான் பழக்கினாங்க. இப்ப எவ்ளோ சாது பாருங்க’ என்றார் பெருமையாக.

சொல்லுங்கள், சாதுவாக இருப்பதும் பயந்து கிடப்பதும் ஒன்றா?

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. அதில் ஒரு சோதனை. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் தீனி இருக்கும். மறுபக்கம் வைத்தால் காலி. நாய்கள் இதைக் கற்றுக்கொண்ட பிறகு, கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். தீனி கொடுத்துப் பழக்கிய நாய்கள் ‘இருக்கும்’ என்று ஓடின. அதிகம் தண்டித்துப் பழக்கியவை தயங்கித் தயங்கிப் போயின.

கவனியுங்கள். தண்டனை கீழ்ப்படியக் கற்றுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ‘நமக்கு எங்கே நல்லது நடக்கப்போகிறது’ என்ற எண்ணத்தையும் சேர்த்தே வளர்த்துவிட்டது.

அப்படியானால் பழக்கவே வேண்டாமா? வேண்டும். பழக்காத நாய் யாரையாவது கடிக்கும். பிறகு ஆயுள் முழுக்கச் சங்கிலிதான். அதுவும் கொடுமையே. கேள்வி, பழக்குவதா வேண்டாமா என்பதல்ல. எதைக் கொண்டு பழக்குகிறோம் என்பது.

‘எங்க பையன் ரொம்ப அடக்கம், என் நிழலைப் பார்த்தாலே எழுந்து நிப்பான்’ என்கிறீர்களா? சந்தோஷம். கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டால், முதலில் உங்களிடம் வந்து சொல்வானா, கடைசியில் சொல்வானா? அவன் முன்னால் நடுவில் இருக்கும் கிண்ணம் அதுதான்.

திரும்பும் வழியில் வைகுண்டப்பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்தேன். பராந்தக சோழன் காலத்தில், 919-ல் வகுத்த தேர்தல் விதிகளை 921-லேயே திருத்தி எழுதியிருக்கிறார்கள். கல்லில் வெட்டிய விதியையே மாற்றியிருக்கிறார்கள். நம் கையில் இருப்பது வெறும் பிரம்புதானே? கீழே போட எவ்வளவு நேரமாகும்?