ஆற்றங்கரைக் கிராமமும் அபிவிருத்தியின் அறமும்

அபிவிருத்தி என்னும் சொல் பொருளியலாளரின் அகராதிக்கு மட்டும் உரியதன்று. அறவியலாரின் ஆய்வுக்கும் அது உரியது. ஒரு மக்கட் கூட்டத்தினருக்கு எது நல்வாழ்வு என்பதை வரையறுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற வினா அச்சொல்லினுள் மறைந்து கிடக்கின்றது. நகர வாழ்வில் அவ்வினா எளிதிற் புலப்படுவதில்லை. பெருந்தெரு எட்டாத மழைக்காட்டின் நடுவே, ஆற்றையே வழியாகக் கொண்டு வாழும் ஒரு கிராமத்தின் முன் அதனை நிறுத்தும்போதே அதன் முழு உருவமும் தெரியவருகின்றது.

இத்தகைய கிராமங்களைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இம்மக்கள் பின்தங்கியோர், இவர்களைக் கைதூக்கிவிடுவது அரசின் கடமை என்பது ஒன்று. இவர்கள் இயற்கையின் புதல்வர், நாகரிகத்தின் நிழல் படாது இவர்களைக் காப்பதே நம் கடமை என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், இரண்டும் ஒரே நிலைப்பாட்டிற் பிறந்தவை. இரண்டிலும் கிராமத்தவர் பேசப்படும் பொருளாக உள்ளனரேயன்றிப் பேசும் மாந்தராக இல்லை.

தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், அமேசன் காட்டின் பகுதியான பஸ்தாசா மாகாணத்திலே, பொபோனாசா ஆற்றங்கரையில் சரயாக்கு என்ற ஊர் உள்ளது. அங்கு வாழும் கிச்சுவா மக்கள் ஏறத்தாழ 1,200 பேர். மரவள்ளியும் வாழையும் பயிரிடுகின்றனர், ஆற்றில் மீன் பிடிக்கின்றனர், காட்டில் வேட்டையாடுகின்றனர். பெண்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்து நொதிக்கவைத்த பானத்தைத் தாமே வனைந்து சித்திரந் தீட்டிய மட்கலங்களில் வார்த்து விருந்தோம்புகின்றனர். வெளியுலகோடு அவர்களை இணைப்பவை தோணியும் சிறு விமானமுமே. இவ்வாழ்வை இன்ப வாழ்வென்று மட்டும் கூறிவிடுதல் உண்மையாகாது. கடும் நோய் கண்டவரை நகருக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆறு பெருக்கெடுத்து வீடுகளையும் தோட்டங்களையும் அழித்தது. ஊட்டி வளர்க்கும் ஆறே ஒருநாள் உடைமைகளை வாரிச் செல்லவும் செய்கிறது.

இவ்வூரார் 1992இல் தமது நிலத்துக்கு உரித்துப் பெற்றனர். அவர்களுக்குரியதாகக் கணிக்கப்படும் பரப்பு ஏறத்தாழ 1,35,000 ஹெக்டேயராகும். ஆயினும் நிலத்தின் அடியிலுள்ள செல்வம் அரசுக்கே உரியது என்ற விதி அவ்வுரித்தோடு சேர்ந்தே நின்றது. மேலே வேரூன்றியவன் ஒருவன். கீழே தோண்டும் உரிமை வேறொருவனுக்கு. 1996இல் இந்நிலத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய எண்ணெய் வலயம் ஒன்றினை அரசு வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டது. ஊராரின் கருத்து கேட்கப்படவில்லை.

பின்னர் நிகழ்ந்தவையே நம் சிந்தனைக்கு உரியவை. 2000ஆம் ஆண்டில் நிறுவனத்தார் அபிவிருத்திப் பணிகளுக்கென 60,000 டொலரும் ஆடவருக்கு 500 வேலைகளும் தருவதாகக் கூறினர். ஊர்ச்சபை கூடி அதனை மறுத்தது. அடுத்த ஆண்டில் மருத்துவக் குழு ஒன்று அனுப்பப்பட்டது. சிகிச்சை பெறவந்தோர் ஒரு பட்டியலிற் கையொப்பமிட வேண்டியிருந்ததென்றும், அப்பட்டியலே பின்னர் எண்ணெய்ப் பணிக்கு ஆதரவளிக்கும் கடிதமாக மாற்றப்பட்டதென்றும் ஊரார் குற்றஞ்சாட்டினர். 2002இன் இறுதியிலும் 2003இன் தொடக்கத்திலும், எண்ணெய் ஆய்வுக்காக 1,400 கிலோகிராமுக்கும் மேற்பட்ட வெடிபொருள் அவர்களது காட்டு மண்ணிற் புதைக்கப்பட்டது. ஊரார் தம் அன்றாட அலுவல்களை நிறுத்தி, எல்லைகளிலே பாசறை அமைத்துக் காவல் புரிந்தனர்.

அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதனை ஒதுக்கிவிட்டு வாதிடுதல் நேர்மையாகாது. எக்குவடோர் செல்வந்த நாடன்று. எண்ணெய் வருவாய் அதன் வரவு செலவுத் திட்டத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. நகரச் சேரியில் வாழும் ஏழைக் குழந்தைக்குப் பாடசாலையும் மருத்துவமனையும் அதிலிருந்தே எழ வேண்டும். 1,200 பேரின் விருப்பத்துக்காக இலட்சக்கணக்கானோரின் நன்மை தடைப்படலாமா? பெரும்பான்மையோரின் பெருநன்மையே அறமென்ற பெந்தமின் கோட்பாட்டைப் பயின்றவர்க்கு இவ்வினா இலேசானதன்று.

ஆயினும் இக்கணக்கில் இரு பிழைகள் உள்ளன. முதலாவது, நன்மையை அடைவோரும் இழப்பைச் சுமப்போரும் ஒருவரல்லர். தன் பொருளைத் தானே ஈவது தியாகம். பிறன் பொருளை எடுத்து மற்றொருவனுக்கு ஈவதைத் தியாகமென்று அழைத்தல் சொல்லுக்கே இழைக்கும் அநீதி. இரண்டாவது, பெரும்பான்மையின் நன்மை இதுவென்று முடிவுசெய்தவர் பெரும்பான்மையோர் அல்லர். 2023 ஆகஸ்டில், அதே நாட்டின் யசுனி காட்டுப் பகுதியில் எண்ணெயை மண்ணுக்கடியிலேயே விட்டுவிடலாமா என்று மக்களிடம் வினவப்பட்டபோது, வாக்களித்தோரில் ஏறத்தாழ 59 வீதத்தினர் ஆம் என்றனர். மக்களின் பெயராற் பேசுவது வேறு. மக்களைக் கேட்பது வேறு.

இனி, மருத்துவக் குழுவின் பட்டியலுக்கு மீள்வோம். ஊராரின் குற்றச்சாட்டு மெய்யாயின், இவ்விவகாரத்தின் உயிர்நிலை அதிலேதான் உள்ளது. மருத்துவம் குடிமகன் ஒருவனுக்கு அரசு செலுத்த வேண்டிய கடன். கடனாகக் கொடுக்கப்பட வேண்டியதைக் கொடாது நிறுத்திவைத்து, பின்பு அதனையே விலையாக நீட்டி, அவனுடைய உடன்பாட்டை வாங்கினால், அவ்வுடன்பாடு உடன்பாடாகுமா? காய்ச்சலில் வாடும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயின் கையொப்பம் அவளது சம்மதத்தைக் காட்டுவதில்லை. அவளது கையறு நிலையையே காட்டுகின்றது. மனிதனை வெறுங் கருவியாக நடத்தலாகாது என்ற கான்டின் கோட்பாடு இங்கேதான் உயிர் பெறுகின்றது.

இதே நோக்கில், 2002இல் நிறுவனத்தோடு உடன்பட்ட அயற் கிராமங்களையும் நாம் காணவேண்டும். சரயாக்கு மக்களை வீரரென்று போற்றுவோர் அயலாரை விலைபோனோர் என்று தூற்றுதல் எளிது. அது முறையன்று. இல்லாமையின் நடுவில் ஆம் என்றவர்மீது பழியில்லை. அவ்வில்லாமையை நீடிக்கவிட்டு அதனைப் பயன்படுத்தியோர்மீதே பழியுண்டு. அண்டை அயலாரிடையே அன்று மூண்ட பகையும் அபிவிருத்திக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவே.

வழக்கு ஈற்றில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 ஏப்பிரலில் நீதிபதிகள் ஊருக்கே வந்தனர். வழக்குக்குரிய இடத்துக்கு அந்நீதிமன்றத்தார் நேரிற் சென்றது அதுவே முதன்முறை. அரசின் பிரதிநிதி அங்கேயே அரசின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஜூன் மாதத் தேதியிட்ட தீர்ப்பு, மக்களை முன்கூட்டியே கலந்தாலோசியாமை உரிமை மீறலென்று உரைத்து, இழப்பீடும் விதித்தது. அது பெருவெற்றியே. எனினும் கலந்தாலோசிக்கப்படும் உரிமை, மறுக்கும் உரிமைக்கு ஒப்பானதன்று. கேட்டபின்னும் கேளாதது போற் செய்ய இடமிருக்குமாயின், கேட்டல் ஒரு சடங்காகிவிடும்.

மறுத்தவர்கள் பழைமையை அணைத்துக்கொண்டோர் என்று கருதின், முன்னர்க் கூறிய இரண்டாவது கருத்தின் வலையில் வீழ்வோம். சரயாக்கு இளைஞர் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். தம் போராட்டத்தைத் தாமே திரைப்படமாக்கி உலகுக்குக் காட்டியுள்ளனர். 2018இல் அவ்வூரார் ‘உயிருள்ள காடு’ என்ற தம் கொள்கையை வெளியிட்டு, அதனை ஏற்குமாறு அரசையும் உலகையும் வேண்டினர். காடும் ஆறும் உயிரிகளும் அவற்றைக் காக்கும் ஆற்றல்களும் மனிதரும் ஒரே உறவுக்குள் அடங்குவர் என்பது அதன் சாரம். நிலத்தை முதற்பொருளாகவும், தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் என்பவற்றைக் கருப்பொருளாகவும் பிணைத்துக் கண்ட தொல்காப்பிய மரபினை அறிந்த நமக்கு இச்சிந்தனை அந்நியமாகத் தோன்றாது. திணை மாறினால் வாழ்வு மாறும். திணை அழிந்தால் வாழ்வுக்குரிய பெயரும் அழியும்.

அவ்வாறாயின் இக்கிராமத்தின் எதிர்காலம் யாது? மேற்படிப்புக்காக நகருக்குச் செல்லும் பெண் ஊருக்குத் திரும்புவாளா? திரும்பவேண்டுமென்று அவளை நிர்ப்பந்திப்பதும், திரும்புவதற்கு ஊரே இல்லாதபடி செய்வதும் ஒரே அநீதியின் இரு முகங்கள். அவள் போகவும் வரவும் வழி திறந்திருத்தலே உண்மையான வாய்ப்பு. பாடசாலையும் வைத்தியமும் எண்ணெய்க்கு ஈடாக அல்லாது உரிமையாக வரும்போதுதான், அவ்வூரார் சொல்லும் ‘ஆம்’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் பொருள் உண்டாகும்.

ஆகவே, ஒரு திட்டம் அறமுடையதா என்றறிய எளிய உரைகல் ஒன்றுண்டு. இம்மக்கள் வேண்டாமென்று சொன்ன பின்னரும் அவர்களுடைய குழந்தைக்கு மருந்து கிடைக்குமா? கிடைக்குமெனில் அங்கே நிகழ்வது உரையாடல். கிடையாதெனில் அது பேரம். அதுவும் ஒரு தரப்பார் பசியோடு அமர்ந்திருக்கும் பேரம்.