உறங்கும் பிள்ளையின் கைபேசி

பிள்ளையின் கைபேசிச் செய்திகளைப் பெற்றோர் பார்ப்பது மூன்று விதமாக நடக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்தே, பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது பார்ப்பது ஒன்று. யாருடன் பேசுகிறது, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் செயலி வழியாகத் தெரிந்துகொள்வது இன்னொன்று. பிள்ளை தூங்கிய பின் அதன் விரலை எடுத்துத் திரையில் வைத்துத் திறந்து, வரி விடாமல் படிப்பது மூன்றாவது. வீடுகளில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘போனைச் செக் பண்றது’. ஆனால் பிள்ளையின் மனத்தில் இவை மூன்றும் வெவ்வேறு இடத்தில் போய்ப் படிகின்றன.

களவாகப் படிப்பதால் கிடைப்பது பெற்றோர் நினைப்பதைவிடக் குறைவு. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இருமுனைக் குறியாக்கத்தில் போகின்றன. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் கருவிகளில் மட்டுமே அவற்றைப் படிக்க முடியும். அதனால் பிள்ளையின் கணக்கைத் தன் கணினியில் ரகசியமாக இணைத்துக்கொள்ளும் தகப்பன், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் அந்த இணைப்பு தெரியும் என்பதை மறந்துவிடுகிறார். 24 மணி நேரத்தில் தானாக மறையும் செய்திகள், ஒருமுறை திறந்ததும் போய்விடும் படங்கள், பூட்டி வைத்த உரையாடல்கள் என்று ஒளிக்கும் வசதிகளும் உண்டு. பெற்றோர் படிக்கிறார்கள் என்று தெரிந்த நாளே பிள்ளை இவற்றையெல்லாம் கற்றுக்கொள்கிறது.

வேவுச் செயலிகளை நம்புவது இன்னும் ஆபத்தானது. பதின்வயதினரைக் கண்காணிக்க அமெரிக்காவில் விற்கப்பட்ட டீன்சேஃப் என்ற செயலியின் சேமிப்பிலிருந்து, 2018இல், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே வெளியே கிடந்தன. பிள்ளையைக் காக்கப் போட்ட பூட்டின் சாவி தெருவில் கிடந்த கதை அது.

அப்படியானால் பிள்ளையின் நடமாட்டம் பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது? ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் அறிந்து வைத்திருந்ததில் பெரும்பங்கு, அவர்கள் துருவிக் கண்டுபிடித்தது அல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. திறன்பேசி பிள்ளைகளின் சட்டைப் பைக்கு வருமுன் செய்த ஆய்வுதான். ஆனாலும் பள்ளி விட்டு வந்து அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு அதன் உண்மை புரியும். களவாகப் படித்தது வெளிப்பட்டால் முதலில் நிற்பது அந்தப் பேச்சுதான்.

இது வெறும் மனத்தாங்கல் அல்ல, பாதுகாப்புக் கேள்வி. இணையத்தில் சிறுவர்களை மிரட்டுபவனின் கையிலுள்ள ஆயுதம் படமோ வீடியோவோ மட்டுமல்ல. ‘உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’ என்ற வாக்கியமும் அவன் ஆயுதந்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும், போன் பறிபோகும், படிப்பு நிற்கும் என்று பிள்ளை பயப்படும் வீட்டில் அந்த வாக்கியம் பலிக்கும். 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்லர், இளம்பெண்கள். எனினும் வீட்டுக்கும் ஊருக்கும் தெரிந்துவிடுமே என்ற அச்சமே மிரட்டியவர்களுக்குத் துணை நின்றது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ‘தப்பு செஞ்சிருந்தாலும் எங்கிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடக்கும் தாய் அந்த ஆயுதத்தின் முனையை முறித்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு, பலரும் யோசிக்காதது. உரையாடலில் பாதி இன்னொரு வீட்டுப் பிள்ளையுடையது. வீட்டில் நடக்கும் சண்டையை, முதல் மாதவிடாயை, தேர்வு பயத்தைத் தோழியிடம் மட்டும் எழுதிய சிறுமி, தோழியின் பெற்றோருக்கு அதை எழுதவில்லை.

கண்காணிப்பே வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். 9 வயதுக் குழந்தையிடம் கைபேசி கொடுத்தால் பெரியவர் கூட இருந்து பார்ப்பது கடமை. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது போல. 13, 14 வயதில் வாசகங்களை விட்டுவிட்டு, ஆட்களைக் கவனித்தால் போதும். இன்ஸ்டாகிராமின் பெற்றோர் மேற்பார்வை வசதி, கடந்த 7 நாளில் பிள்ளை யாருக்குச் செய்தி அனுப்பியது என்று காட்டும், என்ன எழுதியது என்று காட்டாது. கூகுளின் ஃபேமிலி லிங்க்கும் நேரத்தையும் செயலிகளையும் இருப்பிடத்தையும் காட்டும், செய்திகளைக் காட்டாது. 16, 17 வயதில் அதையும் தளர்த்த வேண்டும். 18 முடிந்த மறுநாள் திடீரென்று யாருக்கும் விவேகம் முளைப்பதில்லை.

செய்தியைத் திறந்து படித்தே ஆக வேண்டிய நேரமும் வரும். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது, தூக்கமில்லை, செய்தி வந்த ஓசைக்கே நடுங்குகிறது, உயிரை விடப்போவதுபோல் பேசுகிறது என்றால் தயங்கக் கூடாது. அப்போதும் ‘உன்னை நினைச்சுப் பயமா இருக்கு, பார்க்கப் போறேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பார்ப்பதே முறை.

மிரட்டல் இருப்பது தெரிந்தால் பதறி எதையும் அழிக்கக் கூடாது. திரையைப் படமெடுத்து, கணக்கின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்ட பிறகே அந்த ஆளைத் தடுக்க வேண்டும். பணம் கொடுத்தால் மேலும் கேட்பார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. பாலியல் நோக்கத்துடன் மின்னணு வழியில் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பேர் கெட்டுவிடும் என்று குடும்பங்கள் வாயை மூடிக்கொள்வதை அந்தச் சட்டம் ஏற்கவில்லை. குற்றம் தெரிந்தவர் புகார் செய்தாக வேண்டும். குழந்தையின் பெயரும் படமும் முகவரியும் பள்ளியும் ஊடகங்களில் வருவதை அதன் 23ஆம் பிரிவு தடுக்கிறது.