தேதியைக் குறி, கிளம்பு!

ஊர் சுற்ற ஆசை இருக்கிறதா? இருக்கிறது.

கிளம்பினாயா? இல்லை.

ஏன் என்று கேட்டால் போதும், சாக்குகள் வரிசை கட்டி வருகின்றன. காசில்லை. லீவில்லை. பிள்ளைக்கு டியூஷன். அம்மாவுக்குச் சுகர். மதுரை வெயில் கொளுத்துகிறது. அப்புறம் பார்ப்போம்!

இந்த "அப்புறம்" எத்தனை வருஷமாக ஓடுகிறது? பிள்ளை பத்தாவது முடிக்கட்டும் என்றாய். முடித்தான். பன்னிரண்டு முடிக்கட்டும் என்றாய். அதையும் முடித்தான். இப்போது அவன் உன்னோடு வரமாட்டேன் என்கிறான்!

போன லீவு திரும்பி வருமா?

உண்மையைச் சொல். உன்னைக் கட்டிப்போட்டிருப்பது காசா? கிடையாது. பயம். அந்தப் பயத்தை விடப் பெரியது வெட்கம்.

"பக்கத்து வீட்டுக்காரர் மூணாறு போய் ஸ்டேட்டஸ் போடுகிறார். நான் கீழக்குயில்குடி போனேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?" இதுதானே உள்ளுக்குள் உறுத்துகிறது?

சொல்! உரக்கச் சொல்! கீழக்குயில்குடிக்கு என்ன குறைச்சல்?

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் போனால் சமணமலை. அடிவாரத்தில் தாமரைக் குளம். பக்கத்தில் அய்யனார் கோயில். நூறு பேர் உட்கார்ந்தாலும் நிழல் தீராத ஆலமரம்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறு. மூச்சு வாங்குகிறதா? வாங்கட்டும்! எத்தனை மாதமாக அந்த மூச்சு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது?

பேச்சிப்பள்ளத்துக்கு வந்துவிட்டாய். ஊற்று நீர். அதற்கு மேலே பாறை முகத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் மேலே போனால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். கீழே வயல், கண்மாய், தூரத்தில் நீ தினம் வியர்த்துக்கொண்டு அலைகிற ஊர்.

இதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நீ அந்த மலையைப் பார்த்தபடியே பஸ்ஸில் போகிறாய், வருகிறாய். ஒருநாளாவது இறங்கியது உண்டா?

மாங்குளத்துக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம் மலை. குகைத்தளத்தின் நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்து. அதில் நெடுஞ்செழியன் பெயர்! 1882ல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்.

கடல் தாண்டி வந்தவர் ஏறிவிட்டார். மேலூர் ரோட்டில் குடியிருக்கிற நீ இன்னும் ஏறவில்லை!

"தனியாகப் போகப் பயம். வழி தெரியாது. சொல்லித்தர ஆளில்லை." அப்படியா? இந்தச் சாக்கை மதுரை எப்போதோ உடைத்துப் போட்டுவிட்டது.

2010. யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் அமைக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தது. நரசிங்கம் ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். எழுதியதோடு வீட்டில் படுத்துக்கொண்டாரா? நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கே போனார். அப்படிப் பிறந்ததுதான் பசுமை நடை.

ஏசி பஸ்ஸா? பேக்கேஜ் டூரா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நடக்கத் தயாரான கால்கள். அவ்வளவுதான் முதலீடு!

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு மலை அல்லது ஒரு பழைய ஊர். விடிந்ததும் கூடுவார்கள். குழந்தைகளும் வருவார்கள், தலை நரைத்தவர்களும் வருவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டுக்கு முன்னால் நின்று விளக்குவார். அரசனும் வணிகனும் சமண முனிவனும் அந்தப் பாறையிலிருந்து எழுந்து வருவார்கள். முடிந்ததும் எல்லோருமாகத் தரையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு. வெயில் ஏறுவதற்குள் வீடு.

செலவு குறைவு. உடம்புக்கு வேலை. மனசுக்குத் திருவிழா. ஒரு விடுமுறைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த யானைமலை இன்றும் நிற்கிறது, ஒத்தக்கடையில் இறங்கினால் கண் நிறைய. அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரையை 770ல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தார். முடிப்பதற்குள் இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் வந்தார். அண்ணன் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். முடித்தார்!

மலையைக் குடைகிற வேலையையே பாதியில் விடவில்லை அவர்கள். நீ பையைக் கட்டுகிற வேலையைப் பாதியில் விடுகிறாய்!

அரிட்டாபட்டிக்குப் போயிருக்கிறாயா? மேலூர் பக்கம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 250 பறவை வகைகள். குன்றுகள், சுனைகள், பாண்டியர் காலத்துக் குடைவரை. 2024ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரத்தை ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அந்தச் சனங்கள் போராடி மலையைக் காப்பாற்றிவிட்டார்கள். உனக்குப் போய்ப் பார்ப்பதற்குக் கூடச் சோம்பலா?

"இதெல்லாம் ஒரு டூரா?" என்று இன்னும் முனகுகிறாயா? உன் தாத்தாவைக் கேள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த சனம் அது. கட்டுச்சோறு, ஒரு குடம் தண்ணீர், விரிக்க ஒரு ஜமுக்காளம். வைகை மணலில் படுத்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தார்கள். சொந்தபந்தத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், சம்பந்தம் கூடப் பேசி முடித்தார்கள்! கடன் பத்திரம் எழுதியா வந்தார்கள்?

நீதான் விடுமுறையைக் கடையில் வாங்கும் பொருளாக்கிவிட்டாய். விலை அதிகம் என்று நீயே அழுகிறாய்.

சரி, தூரமாகப் போகத்தான் ஆசை. தப்பே இல்லை, போ! ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போ.

தினம் 20 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அதை உண்டியலில் போடு. வருஷத்துக்கு 7,300 ரூபாய்! இனி "காசில்லை" என்று சொல்வாயா? ஒரு நாள் போடத் தவறினால் மறுநாள் 40 போடு. தவறியது குற்றமில்லை. தவறிவிட்டேன் என்று உண்டியலையே உடைப்பதுதான் குற்றம்.

கொச்சியில் ஒரு சின்ன டீக்கடை. விஜயன், மோகனா தம்பதி. கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். 25க்கு மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள்! 2021 அக்டோபரில் ரஷ்யா போனார்கள். அடுத்த மாதம் விஜயன் மறைந்தார். பார்க்க நினைத்ததைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் பயணத்துக்குக் கடனும் வாங்கினார்கள், திரும்பி வந்து டீ ஆற்றியே அடைத்தார்கள். அந்தக் கடனை உனக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த உண்டியலைச் சிபாரிசு செய்கிறேன்.

பணம் சேர்ந்ததும் என்ன செய்வாய்? மே மாதம் ஊரே போகிறது என்று கொடைக்கானலுக்குப் போவாய். 2024 மே முதல் சொந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்கிறது உயர் நீதிமன்றம். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே கட்டிவிட்டது. நீதிமன்றம் எண்ணி எண்ணி விடுகிற நெரிசலுக்குள் போய் ஹாரன் சத்தம் கேட்கவா ஒரு வருஷம் டீ குடிக்காமல் இருந்தாய்?

கூட்டம் போகிற பக்கம் விலை ஏறும். இது காய்கறிக் கடையில் தெரிகிறது உனக்கு. டூரில் மட்டும் மறந்துவிடுகிறது!

செவ்வாய், புதனில் போ. அறை வாடகை இறங்கும். சீசனுக்கு முன்னும் பின்னும் போ. திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே சிறுமலை. ஏறும்போதே குளிர் ஏறும். அங்கே விளையும் சின்ன வாழைப்பழத்தை அங்கேயே வாங்கித் தின்று பார். அந்த ருசி ஊருக்குள் கிடைக்காது.

ரயில் பிடிக்குமா? மதுரை–போடி ரயிலில் ஏறு. அகலப்பாதைக்காக நின்றுபோன ரயில் அது. பத்து ஆண்டுக்கு மேல் தண்டவாளம் வெறிச்சென்று கிடந்தது. வரவே வராது என்றார்கள். 2022 மே 26ல் தேனி வரை வந்தது. 2023 ஜூன் 15ல் போடி வரை போனது! உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் நுழையும்போது ஜன்னலை விட்டு உன் பிள்ளை நகரமாட்டான். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அடுத்த சாக்கு உடம்பு. "அலைந்தால் உடம்புக்கு ஆகாது."

அலைவதால் கெடவில்லை உடம்பு. நீ அலைகிற விதத்தால் கெடுகிறது! வேன் பிடித்து மூன்று நாளில் ஏழு ஊர். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி தூக்கம். நடுராத்திரி பரோட்டா. அருவியில் குளியல், உடனே பஜ்ஜி. திங்கட்கிழமை டாக்டர் வீட்டு வாசல். இதற்குப் பெயர் விடுமுறையா? தண்டனை!

ஒரு பயணம், ஒரு ஊர். அதை உருப்படியாகப் பார். ஏழு மணி நேரம் தூங்கு.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மலை ஏறி இறங்கினால் அதில் பாதி முடிந்துவிடும். ஜிம்முக்குக் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறாயே, அந்தப் பணம் மிச்சம்!

வெயிலா? வெயிலை ஏன் எதிர்த்து நிற்கிறாய்? அதற்கு முன்னால் எழுந்திரு! ஆறு மணிக்கு அடிவாரம், பத்து மணிக்குள் நிழல். தலைக்குத் துண்டு, பருத்திச் சட்டை, வழுக்காத செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பதினொரு மணி வெயிலில் பாறையில் ஏறுவது வீரமில்லை, முட்டாள்தனம்.

வீட்டிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டு. வழியில் வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, கம்மங்கூழ். ஜிகர்தண்டா? ஒரு நாள் ஆசைக்கு ஒரு கிளாஸ் குடி, யார் தடுத்தது? தினம் குடிக்காதே!

அம்மாவுக்குச் சுகர் என்றாயே. மாத்திரையை உன் பையில் வை. சாப்பாட்டு நேரம் தவறவிடாதே. மலை ஏற முடியாதவரை அடிவாரத்து ஆலமரத்தடியில் உட்கார வை. இல்லையா, கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போ. 2023 மார்ச்சில் திறந்தது, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமுக்கத்துக் காந்தி அருங்காட்சியகம் 1959ல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நுழைவு இலவசம். அந்தத் துணியின் முன்னால் நின்றவர்கள் கொஞ்ச நேரம் பேசுவதில்லை.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட்டே கிடையாது. அம்மாவும் மனைவியும் மகளும் கட்டணமில்லாமல் அழகர்கோவில் போய் வரலாம். அவர்களை வீட்டில் உட்கார வைத்திருப்பது காசா, நீயா?

"போன தடவை குற்றாலம் போனோம். அருவியில் தண்ணியே இல்லை. அதோடு விட்டுவிட்டேன்."

எப்போது போனாய்? ஏப்ரலில்! சீசன் ஜூனில் தொடங்கும் என்று தெரியாதா? போவதற்கு முன் "தண்ணி விழுதா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டாயா? தப்பு அருவியினுடையதா?

சொதப்பும்! முதல் பயணம் சொதப்பத்தான் செய்யும். பஸ் தவறும். பிள்ளை வாந்தி எடுப்பான். மழை பிடிக்கும். இரண்டாவது பயணத்தில் எலுமிச்சம்பழம் பையில் இருக்கும், குடை இருக்கும், பஸ் நேரம் மனப்பாடமாக இருக்கும். திட்டம் போடுவதும் நீச்சல் மாதிரிதான், கரையில் நின்று கற்றவன் ஒருவனும் இல்லை.

லீவு இல்லை என்பதுதான் கடைசிச் சாக்கா? ஞாயிற்றுக்கிழமை உன்னுடையதுதானே? கடை வைத்திருக்கிறாயா, ஒரு வேளை அடை. டவுன் ஹால் ரோட்டில் பெரிய பெரிய கடைக்காரர்களே குலதெய்வக் கோயிலுக்கு என்றால் கடையை அடைக்கிறார்கள். உன் வீட்டுக்காரர்கள் உனக்குக் குலதெய்வத்தை விடக் குறைந்தவர்களா?

யாரிடமும் அனுமதி கேட்காதே. யாருடைய ஸ்டேட்டஸையும் பார்க்காதே. வருகிற மூன்று ஞாயிறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடு. இன்றிரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது தேதியைச் சொல். இடத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும், பஸ் நேரத்தை நீ விசாரி, சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து கட்டுங்கள்.

அந்த நாள் காலை அலாரம் அடிக்கும். "அடுத்த வாரம் பார்ப்போமே" என்று மனசு கெஞ்சும். காதில் வாங்காதே. எழுந்திரு, முகத்தைக் கழுவு, பெரியார் பேருந்து நிலையத்துக்கு நட!