ஒன்றா, இரண்டா?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், மரங்களும் ஏறிவர அஞ்சும் உயரத்தில், ஒரு முள்செடி வளர்கிறது. ஆங்கிலத்தில் 'திஸில்' என்று வழங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. தலை குனிந்த பூ. குளிருக்குக் கம்பளி போர்த்தியதுபோல் வெண்மையான ரோமம். சில ஆண்டுகளுக்கு முன், அது தனி இனம் என்று தாவர நூலார் கண்டு, 2019-ஆம் ஆண்டில் காலமான விக்கி ஃபங்க் என்னும் தாவரவியல் அறிஞரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்த அம்மையார் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை ஆராய்வதிலேயே காலத்தைக் கழித்தவர். இந்த முள்ளும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

'புதிய இனம்' என்று சொல்கிறோம். செடிக்கு அது புதிதா? மனிதன் பெயர் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அது அங்கே பூத்துக் காய்த்துக் கொண்டிருந்தது. மனிதர் கண்ணில் படாமலும் இல்லை. கண்டவர்கள் அதை வேறொரு மலைமுள்ளின் பெயருக்குள் அடக்கிவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"ஏனுங்க, முள்ளு ஒரு சாதியா இருந்தா என்ன, ரெண்டு சாதியா இருந்தா என்னங்க? கால்ல குத்துனா வலி ஒண்ணுதானுங்களே!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வேடிக்கையாகக் கேட்கப்படும் கேள்விக்குத்தான் நாம் முதலில் பதில் தேட வேண்டும். ஒன்றாகத் தோன்றுவதை இரண்டென்று பிரித்தறிவதால் மனிதனுக்கு என்ன பயன்? பிரித்தறியாமல் போனால் என்ன பாவம்?

கொங்கு நாட்டுத் தரிசுகளில் பிரமதண்டு வளர்கிறது. முள் நிறைந்த இலை, மஞ்சள் பூ. பார்வைக்கு மேல்நாட்டுத் திஸில் போலவே இருக்கும்; உண்மையில் அது கசகசாவின் உறவு, மெக்சிகோவிலிருந்து வந்த விருந்தாளி. அதன் விதை கடுகைப்போல் இருக்கும். கடுகெண்ணெயில் அந்த விதையின் எண்ணெய் கலந்துவிட்டதால் 1998-ஆம் ஆண்டில் தில்லியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் உடல் வீங்கி மாண்டார்கள். இரண்டு விதைகளை ஒன்றென்று கொள்வதால் என்ன வந்துவிடும் என்ற கேள்விக்கு அந்த வீடுகளில் பதில் இருக்கிறது.

இன்னொரு பதில் திருப்பூரின் வயிற்றுப்பாட்டிலேயே இருக்கிறது. நமக்குப் பருத்தி என்றால் பருத்திதான். விதைத்தவனுக்கு அப்படியல்ல. நாடன், உப்பம், கருங்கண்ணி என்று அவன் கை ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திருந்தது. இன்றைய விஞ்ஞானம் அந்தக் கைக்குச் சாட்சி சொல்கிறது. நம் பழைய பருத்திகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் 26. அமெரிக்கப் பருத்தியில் 52. செடியும் பஞ்சும் பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம். உள்ளே கணக்கே வேறு.

இந்த வேற்றுமையோடு மல்லாடிய ஒரு மனிதர் கோயம்புத்தூரில் இருந்தார். ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர் ராபர்ட் வைட். 1842 முதல் 1853 வரை அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்ப்பது அவருக்குக் கம்பெனி அரசு இட்ட வேலை. அந்த முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்தி இந்த மண்ணில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆனால் வைட் தம் மனத்தைக் கொடுத்தது வேறொரு வேலைக்கு. தென்னாட்டுச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வரைவித்து, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் உள்ள படங்கள் 2101.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் யார்? ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள். இதழ் இத்தனை, மகரந்தத் தாள் இத்தனை, விதை இப்படி என்று உற்றுநோக்கி வரைந்த கண்கள் அவர்களுடையவை. படத்தின் அடியில் சிற்றெழுத்தில் அவர்கள் பெயர் இருக்கும். பனியனின் கழுத்துப்பட்டியில் எங்கோ ஒரு நாட்டு வியாபாரியின் பெயரைத் தைத்து அனுப்பும் ஓவர்லாக் தையற்காரருக்கும், மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்ணுக்கும், ஓட்டை தேடும் செக்கிங் பெண்ணுக்கும் அந்தச் சிற்றெழுத்துகூட இல்லை. வைட் தம் ஓவியரை மறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஓர் ஆர்க்கிட் செடியைப் புதிய பேரினம் என்று கருதி, 1853-இல் அதற்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. பின்னால் வந்தவர்கள் அந்தச் செடியை மீண்டும் ஆராய்ந்தார்கள். அது புதிய பேரினம் அல்ல. முன்பே பெயர் பெற்ற வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டார்கள். கோவிந்துவின் பெயர் விலகியது. வருத்தமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் தாட்சண்யத்துக்காக ஒன்றை இரண்டென்று வைத்துக்கொள்ள விஞ்ஞானம் சம்மதிக்கவில்லை.

ஆகவே தவறு இரு வகை. இரண்டை ஒன்றென்று நினைப்பது ஒன்று. ஒன்றை இரண்டென்று பிரிப்பது மற்றொன்று. செடிகளிடம் இந்தத் தவறுகளைச் செய்தால் அடுத்த தலைமுறை திருத்திவிடுகிறது. மனிதர்களிடம் செய்தால்?

நண்பர் முள்ளுக்குச் 'சாதி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் அது இயல்பான வழக்கு. என்ன சாதி மாம்பழம், என்ன சாதி மாடு என்று கேட்கிறோம். அந்தச் சொல்லையே மனிதனுக்கும் வைத்துவிட்டோம். மாங்காயில் சாதி நாவுக்குத் தெரியும். மனிதனில் சாதி எந்தப் புலனுக்குத் தெரிகிறது? சொன்னால்தான் தெரிகிறது. ஒன்றை ஆயிரமாகப் பிரித்த பிழை அது. இந்தப் பிழை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயரிட வழிகாட்டிய லின்னேயஸ், 1758-இல் வெளியிட்ட நூற்பதிப்பில் மனிதரை ஒரே இனம் என்று சரியாகவே குறித்தார். அடுத்த வரிகளிலேயே கண்டத்துக்கு ஒன்றாக நான்கு பிரிவு செய்து, இவர்கள் இன்ன குணம் உடையவர்கள் என்றும் எழுதிவைத்தார். பூவின் மகரந்தத் தாளை எண்ணி எண்ணிப் பார்த்த அந்தப் பெரியவர், மனிதரை எண்ணிப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதை எழுதிவிட்டார்.

மற்றப் பிழைக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். திருப்பூர் இரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து வருகிறார்கள், பீகாரிலிருந்து வருகிறார்கள், ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறார்கள். ஒரிய மொழி பேசுகிறவர் உண்டு. வங்காளி பேசுகிறவர் உண்டு. சந்தால் மொழி பேசுகிறவரும் உண்டு. ஊருக்கு அத்தனை பேரும் 'இந்திக்காரன்'. பெயர் சொல்லி அழைக்கும் கம்பெனிகளிலும், ஊருக்குள் ஒரு திருட்டு நடந்துவிட்டால் 'இந்திக்காரன் எடுத்திருப்பான்' என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. நம்மவர் வெளியூருக்குப் பிழைக்கப் போனபோது, கன்னியாகுமரிக்காரரையும் கோயம்புத்தூர்க்காரரையும் தெலுங்கரையும் மலையாளியையும் ஒன்றாகச் சேர்த்துப் பம்பாய்க்காரர்கள் 'மதராஸி' என்றார்கள். அப்போது நமக்குச் சுட்டது. இப்போது சுடுவது யாருக்கு?

'சாதி பிரிப்பது பாவம் என்கிறீர். பிறகு ஒரியர் வேறு, வங்காளி வேறு என்று பிரித்தறியவும் சொல்கிறீரே' என்று வாசகர் என்னை மடக்கலாம். நன்றாகக் கேட்டீர்கள். சற்று உள்ளே நோக்கினால், இரு பிழைகளுக்கும் தாய் ஒருத்திதான் என்பது விளங்கும். சாதியின் பெயரைக் கேட்டவுடன் இவன் இன்னான் என்று முடிவு கட்டுகிறவன், இலட்சக்கணக்கானவர்களை ஒரே ஆளாக்குகிறான். 'இந்திக்காரன்' என்கிறவனும் அதையே செய்கிறான். பெயர் காதில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வது இருவருக்கும் பொது. அறிவதற்காக வேற்றுமையைத் தேடுகிறவன் பெயரைக் கேட்ட பின்பும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். 'எந்த ஊர், அங்கே மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா' என்று கேட்கிறவனுக்கு எதிரே நிற்பவன் உயர்ந்தவனும் அல்ல, தாழ்ந்தவனும் அல்ல. இன்னார் என்று தெரிந்த மனிதன்.

செடிக்குப் பெயரிடுகிறவர்களிடம் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. ஒரு புதிய இனத்தை அறிவிப்பவர், அதன் மாதிரி ஒன்றை உலர்த்தித் தாளில் ஒட்டி, எல்லாரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தாக வேண்டும். திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், கோயம்புத்தூரிலேயே அப்படிப்பட்ட காப்பகம் இருக்கிறது. இந்தச் செடி மற்றதிலிருந்து எவ்வெவற்றால் வேறுபடுகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நாளை வேறொருவர் வந்து 'நீர் சொன்னது பிழை' என்று காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முள்ளைப் பற்றி ஒரு சொல் சொல்ல இத்தனை கட்டுப்பாடு! மனிதனைப் பற்றிச் சொல்லும்போது தேநீர்க்கடை பெஞ்சு போதும் என்று இருக்கிறோம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. 'ஒரு மில் தொழிலாளி', 'ஒரு முதலாளி' என்று எழுதினால் அங்கே ஆள் இல்லை, பெயர்ப்பலகைதான் இருக்கிறது. அந்தத் தொழிலாளி மற்றத் தொழிலாளியிடமிருந்து எதனால் வேறுபடுகிறான் என்று கண்டுபிடிக்கிற அன்றுதான் கதை மூச்சு விடுகிறது.

முள்செடியின் பூவை நாம் ஒரு பூ என்கிறோம். பிரித்துப் பார்த்தால் அது நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித் தேன், தனி விதை. வண்டுக்கு இது தெரியும். ஒன்றில் குடித்துவிட்டு எல்லாவற்றிலும் குடித்தாயிற்று என்று அது எழுந்து போவதில்லை.